ஜெபமும் உள்நோக்கமும்

ஜெபம் சொற்களால் ஆயதாயினும், அச்சொற்களை உந்தி நிற்பது உள்ளத்தின் நோக்கமே. ஒரே வேண்டுகோளை இருவர் ஒருங்கே கூறலாம். ஆயினும் இருவரும் நாடுவது ஒன்றாயிராது. ஆதலின், நாம் வேண்டுவது யாது என்பதனோடு, அதனை எதன்பொருட்டு வேண்டுகின்றோம் என்பதனையும் ஆராய்தல் நம் கடனாகும்.

இதற்கு ஏற்ற சான்று மாற்கு சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆண்டவர் எருசலேமுக்குச் செல்லும் வழியில், ஆங்குத் தமக்கு நேரவிருக்கும் பாடுகளையும் மரணத்தையும் சீடர்க்கு எடுத்துரைக்கின்றார். அவ்வுரை செவியினின்றும் அகலுமுன்னரே, செபெதேயுவின் குமாரராகிய யாக்கோபும் யோவானும் அவரை அணுகித் தாங்கள் கேட்பதைச் செய்தருள வேண்டும் என்கின்றனர். கேட்பது இன்னதெனக் கூறுமுன்னரே வாக்குறுதி பெற விழைந்தமை நோக்கத்தக்கது. நேரிய வேண்டுகோளுக்கு இத்தகைய முன்காப்பு எற்றுக்கு? பெருமான் உடனே இசைந்திலர். வெகுண்டு துரத்தவும் இல்லை. அவர்கள் விரும்புவது யாதென வினவினார். அவ்வினாவினால் மறைந்து கிடந்தது வெளிப்பட்டது. அவரது மகிமையில் ஒருவர் வலப்பக்கத்தும் மற்றவர் இடப்பக்கத்தும் அமர வேண்டுமாம்! மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் அவர்தம் தாயே பணிந்து இதனை வேண்டக் காண்கின்றோம். வடிவிற் பணிவும் உள்ளத்திற் பதவி வேட்கையும் ஒருங்கே குடிகொள்ளக் கூடும் என்பது இதனாற் புலனாம்.

இனி நம் நிலையை நோக்குவோம். தேர்வுக் காலத்தில் முதலிடம் வேண்டுமென்று ஜெபிப்பவன், தன் தோழன் பின்தங்க வேண்டுமென்றும் தன்னை அறியாமலே ஜெபிக்கின்றான், முதலிடம் ஒன்றேயாதலின். தமிழ் பயிலும் எமக்கு வேறோர் இடரும் உண்டு. விடுதி ஜெபக்கூட்டத்தை நடத்துமாறு பணிக்கப்பட்ட ஒருகால், யாம் முதனாளிரவே எதுகையும் மோனையும் இயைய ஜெபத்தைத் தொடுத்து வைத்தோம். மறுநாள் ஆமென் என்று முடித்ததும், யார் முகத்தில் வியப்புத் தோன்றுகின்றதென எம் கண்கள் பக்கம் நோக்கின. யாம் ஜெபித்தது கூடியிருந்த தோழரை நோக்கியே! தெருச்சந்திகளில் பிறர் காண ஜெபிப்போரைப் பற்றி மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கூறியது எமக்கே உரியதென அன்றிரவு உணர்ந்தோம்.

அங்ஙனமாயின் நோக்கம் தூயதாகுங்காறும் ஜெபியாதிருத்தல் நன்றோ எனின், அன்று. யாமும் சிலநாள் அவ்வாறு வாய்மூடியிருந்து பார்த்தோம். நோக்கம் தூய்மை எய்திற்றில்லை. பிறரினும் யாம் நேர்மையுடையேம் என்னும் செருக்கே வளர்ந்தது. ஆயக்காரனைப் போலத் தலைகவிழ்ந்து நின்றும் பரிசேயனாகவே இருந்தோம்.

அகுஸ்தீன் (கி.பி. 354–430) காட்டும் வழி இதனினும் சிறந்தது. தாம் இளமையில் கற்பொழுக்கத்தை இறைவனிடம் வேண்டியபோதே, அது விரைவிற் கிடைத்துவிடுமோ என்று அஞ்சியதாக அவர் தமது 'அறிக்கைகள்' என்னும் நூலில் ஒப்புக்கொள்கின்றார். அந்நூல் இறைவனை நோக்கிய ஜெபமாகவே அமைந்தது. கலங்கிய நோக்கத்தை மறைக்காது அவர் திருமுன் வைத்தலே அதனைத் தெளிவிக்கும் வழியாம்.

ஆகவே ஜெபிக்கும்பொழுது நம்மை நாமே மூன்று வினாக்கள் வினவுதல் நலம். ஒருவரும் அறியாத அறையிலும் இதனை வேண்டுவோமா? பிறரொருவர் வாயிலாக இது நிறைவேறினும் மகிழ்வோமா? மறுக்கப்படினும் ஆண்டவரை நம்புவோமா? விடை இல்லை என்பதாயின், அவ்விடையையே அன்றைய ஜெபத்தின் முதல் வாக்கியமாக்குவோம்.

செபெதேயுவின் குமாரர் கேட்ட இடங்கள் அன்று கிடைத்தில. கல்வாரியில் ஆண்டவரின் வலத்தும் இடத்தும் கள்ளர் இருவரே அறையுண்டனர். தாம் கேட்டது இன்னதென்று அவ்விரு சீடரும் அப்பொழுது உணர்ந்திருப்பர் போலும். எனினும் அவர்கள் தள்ளுண்டாரல்லர். யாக்கோபு பின்னர் ஏரோதின் வாளால் மடிந்து தம் ஆண்டவரின் பாத்திரத்திற் பங்கு பெற்றார். பிழைபட்ட நோக்கத்துடன் வந்தவரையும் தம்மோடு இருத்தித் திருத்திய பெருமான், நம்மையும் திருத்த வல்லர். ஆதலின் அஞ்சாது அணுகுவோம், ஒளியாது உரைப்போம்.