எச்.ஆர். படித்தால் ‘லேபர் ஆபீசர்’ ஆகலாமா?

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான தெலங்கானா ஐசெட்டுக்கு விண்ணப்பிக்கும் கெடு நெருங்கும்போதெல்லாம், ஹைதராபாத்தின் மல்லாபூர், நாச்சாரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே குழப்பம். எம்.பி.ஏ.வில் எச்.ஆர். எடுப்பதா, எம்.எஸ்.டபிள்யூ. சேர்வதா, ‘தொழிலாளர் மேலாண்மை’ என்று ஊரில் சொல்கிறார்களே, அதுவா? மாஸ்லோவின் பிரமிடையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. அதைக் கல்லூரிக் கையேடுகள் வண்ணப் படத்தோடு செய்துவிடுகின்றன. அவை பேசாமல் விடுவது, பேச்சில் ‘லேபர் ஆபீசர்’ எனப்படும் நல அலுவலர் பதவியைப் பற்றி.

ஆலைக்கு ஆள் எடுப்பது ஒரு காலத்தில் மேஸ்திரியின் ராஜ்யம். வேலைக்குச் சேரவும் லஞ்சம், வேலையில் நீடிக்கவும் லஞ்சம். இதை ஒழிக்கத் தனி அலுவலர் வேண்டும் என்று 1931இல் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் பரிந்துரைத்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. விஷயம் அதன் கீழ் வந்த விதிகளில் இருக்கிறது. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி, நல அலுவலர் தொழிலாளி மீதான ஒழுங்கு நடவடிக்கையைக் கையாளக் கூடாது. நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராகச் சமரச அலுவலர் முன்போ நீதிமன்றத்திலோ நிற்கவும் கூடாது. சம்பளம் தருவது முதலாளி, ஆனால் முதலாளியின் ஆளாக நடக்கக் கூடாது! கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் பதவி உயர்வும் இன்கிரிமென்ட்டும் அதே முதலாளியின் கையில் இருக்கும்போது அது எவ்வளவு தூரம் தாங்கும்? நல அலுவலரின் விசிட்டிங் கார்டிலேயே ‘எச்.ஆர். மேனேஜர்’ என்றும் இருந்தால், சார்ஜ் மெமோவைத் தயாரித்தது யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நல அலுவலருக்கான வரம்பை 500 பேரிலிருந்து 250 ஆகக் குறைத்திருக்கின்றன. தொழிலாளர் நலனுக்கான பெரிய முன்னேற்றம் என்கிறது அரசு. பக்கத்துத் தொகுப்பையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பணி விதிகளை (ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்) கட்டாயமாக்கும் வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆகியிருக்கிறது. ஆட்குறைப்புக்கும் ஆலையை மூடுவதற்கும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பும் அதே 300. ஆக, 280 பேர் வேலை செய்யும் ஓர் ஆலையில் குறை கேட்க நல அலுவலர் இருப்பார், அந்தக் குறையை எந்த விதியோடு ஒப்பிடுவது என்பதற்கான பணி விதிகள் கட்டாயமில்லை. ஆட்களை அனுப்பவும் அனுமதி வேண்டாம். மல்லாபூர் தொழிற்பேட்டையின் சிறிய யூனிட்டுகள் பலவற்றுக்கு 250 என்பதும் எட்டாத எண்ணிக்கை. எச்.ஆர். பட்டத்தோடு அங்கே போகிறவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கும் கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்டுவதும்தான் வேலையாக இருக்கும்.

இப்போது பட்டத்துக்கு வருவோம். நல அலுவலருக்கு எந்தப் படிப்பு செல்லும் என்பதை மாநில விதிகள்தான் தீர்மானிக்கின்றன. எம்.பி.ஏ. எச்.ஆர். என்பதாலேயே தகுதி வந்துவிடாது. தமிழ்நாட்டில் 1953ஆம் ஆண்டின் நல அலுவலர் விதிகள் தகுதியான படிப்புகளைக் குறிப்பிடுகின்றன. சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் நடத்திவந்த எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மைக்கு மவுசு வந்ததும் அதனால்தான். தெலங்கானாவில் வேலை தேடுவதாக இருந்தால் அந்த மாநில விதியைப் படித்துவிட்டுச் சேருங்கள். கல்லூரி அலுவலகத்தில் ‘எல்லாம் செல்லும் சார்’ என்று வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆலை இருக்கும் பகுதியில் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பேசும் மொழி நல அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன மாதிரி விதிகள். தமிழோடு தெலுங்கும் தெரிந்தவர் தப்பித்தோம் என்று நினைக்கலாம். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் நின்று பேசிப் பாருங்கள், இந்தியும் ஒடியாவும் காதில் விழும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பி.ஜி.டி.எம்.முக்கும் எம்.பி.ஏ.வுக்கும் என்ன வித்தியாசம்? முன்னது தனி நிறுவனத்தின் டிப்ளமா, பின்னது பல்கலைக்கழகப் பட்டம். முன்னதற்கு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்கிறார்களே? கம்பெனியின் பெயர், பதவி, சம்பளம் மூன்றையும் கேளுங்கள்.

நிறுவன நடத்தையியல் பாடம் முழுக்க அமெரிக்க உதாரணம்தானா? பெரும்பாலும். அகமதாபாத் காலிகோ ஆலையின் தறிக்கூடத்தில் 1953இல் ஆய்வாளர் ஏ.கே. ரைஸ் நடத்திய குழுவேலைச் சோதனையைத் தேடிப் படியுங்கள்.

ஐசெட்டில் தகுதி மதிப்பெண்? 200க்கு 50. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குக் குறைந்தபட்சம் கிடையாது.

கெடு தாண்டிவிட்டால்? தாமதக் கட்டணத்தோடு சில நாள் தருவார்கள், நாளாக ஆகக் கட்டணமும் ஏறும்.