ஜெர்மனியில் வேலை: சம்பளத்தோடு நேரத்தையும் கேளுங்கள்

ஜெர்மனிக்கு வேலைக்குப் போக நினைக்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சம்பளம் எவ்வளவு அண்ணா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: வேலை முடிந்த பிறகு எனக்கென்று எவ்வளவு நேரம் மிஞ்சும்?

நான் நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். பொலிதெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்து, பினாங்கில் சில ஆண்டுகள் வேலை செய்து, இப்போது தென்மேற்கு ஜெர்மனியில் துட்லிங்கன் என்ற ஊரில் இருக்கிறேன். இங்கு வந்த பிறகு சம்பளத்தைவிட அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கத்தரிக்கோல் செய்யும் ஊர்

ஜெர்மனி என்றால் நமக்கு பெர்லின், மூனிக் போன்ற பெரிய நகரங்களே நினைவுக்கு வரும். துட்லிங்கன் சிறிய ஊர். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை 40 ஆயிரம்கூட இல்லை. ஆனால் இவ்வூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 400-க்கும் மேற்பட்ட மருத்துவக் கருவி நிறுவனங்கள் இயங்குகின்றன. அறுவைச் சிகிச்சைக்கான கத்தரிக்கோல், இடுக்கி, உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப் எனப் பலவும் இங்கிருந்து உலக மருத்துவமனைகளுக்குப் போகின்றன.

1867-இல் கோட்ஃப்ரீட் யெட்டர் என்பவர் இங்கு ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். அதுவே பிறகு அஸ்குலாப் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்து, இன்று பி. பிரவுன் குழுமத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. அதே பி. பிரவுன் 1972 முதல் பினாங்கில் ஆலை நடத்துகிறது. ஆக, இந்தத் தொழில் நமக்கு முற்றிலும் அந்நியமானது அல்ல.

இங்கே அறுவைச் சிகிச்சைக் கருவி செய்வதற்கென்றே மூன்றரை ஆண்டுத் தொழிற்பயிற்சி உண்டு. இரும்பை அராவி, மெருகேற்றி, கத்தரிக்கோலின் இரு அலகுகளும் நுனிவரை சீராகச் சேரும்படி செய்யும் கைவேலைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. எட்டு 'ஏ' எடுக்காத பிள்ளைகளுக்கும் உலகத்தில் இடம் உண்டு என்பதை இங்கே நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஆறு மறையும் இடம்

துட்லிங்கனைச் சுற்றி ஷ்வேபியன் ஆல்ப் என்ற சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் இருக்கிறது. அதன் உயரமான சிகரமான லெம்பெர்க் இந்த மாவட்டத்தில்தான் உள்ளது. உயரம் 1,015 மீட்டர். நம் ரெம்பாவில் உள்ள டத்தோ மலை 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்தான்.

இங்குள்ள இன்னொரு அதிசயம் டான்யூப் ஆறு. இமெண்டிங்கன் அருகே ஆற்று நீர் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் இறங்கிவிடுகிறது. ஆண்டில் பல நாட்கள் ஆற்றுப் படுகையில் ஒரு சொட்டு நீர் இருக்காது. கூழாங்கற்கள் மேல் நடந்து போகலாம். மறைந்த நீர் சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் என்ற ஊரில் பெரிய ஊற்றாக வெளிவந்து, ரைன் ஆற்றில் சேர்கிறது. 1877-இல் ஆற்றில் உப்பையும் சாயத்தையும் கலந்து இதை உறுதிப்படுத்தினார்கள். புவியியல் பாடத்தில் படித்த சுண்ணாம்புக்கல் நிலத்தை இங்கே காலால் நடந்து படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரே வெளியே வந்துவிடும். பாட்டி, தாத்தா, கைக்குழந்தையோடு தம்பதியர் என எல்லாரும் காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடப்பார்கள். ஆற்றோரம் சைக்கிள் பாதை உண்டு. எந்த வழியில் போக வேண்டும் என்று மரங்களில் அடையாளம் இட்டிருப்பார்கள். 1888-இல் தொடங்கப்பட்ட ஷ்வேபியன் ஆல்ப் சங்கத்தின் தொண்டர்கள் இந்தப் பாதைகளைப் பராமரிக்கிறார்கள்.

"யாருப்பா சம்பளம் கொடுக்கிறா?"

முதன்முதலில் மலையேறிய படங்களை அப்பாவுக்கு அனுப்பியபோது அவர் கேட்டார்: "காட்டுல சும்மா நடக்கிறதுக்கு யாருப்பா சம்பளம் கொடுக்கிறா?"

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக ரப்பர் மரங்களுக்கிடையே நடந்தவர்கள். மேடு பள்ளம் பார்க்காமல் பால் வாளியைச் சுமந்தவர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. ஓய்வு என்பது அவர்களுக்கு வருமானம் இல்லாத நாள். அவர்கள் நடந்த தூரத்தில் கால்வாசிகூட நான் இங்கே நடந்திருக்க மாட்டேன். அவர்களுக்குக் காடு வேலை செய்யும் இடம். எனக்கு அது ஓய்வெடுக்கும் இடமாகியிருக்கிறது.

இந்த மாற்றம் தானாக வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே பொதுவாக 11 மணி நேர ஓய்வு கட்டாயம். 1975-இல் வந்த வனச்சட்டம், காடு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் ஓய்வுக்காக அதில் நடக்க எல்லாருக்கும் உரிமை தருகிறது. தோட்டத்து கேட்டையும் காவலாளியையும் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் கடைசிச் சட்டம்தான் பெரிய வியப்பு.

நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு 8 நாள். ஐந்து ஆண்டுகளுக்குள் 12, அதற்கு மேல் 16. 2023 ஜனவரியில் வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. நாமும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறோம்.

போவதற்கு மூன்று வழிகள்

முதலாவது, 'அவுஸ்பில்டுங்' எனப்படும் இரட்டைத் தொழிற்பயிற்சி. வாரத்தில் சில நாட்கள் நிறுவனத்தில் வேலை, சில நாட்கள் தொழிற்பள்ளி. பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் கிடைக்கும். பொதுவாக ஜெர்மன் மொழியில் 'பி1' நிலை கேட்பார்கள். நம் நாட்டில் 2005-இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறைக்கு இதுவே முன்மாதிரி.

இரண்டாவது, பட்டப்படிப்பு. பெரும்பாலான ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் நான் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் பார்த்து விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, 2024 ஜூன் மாதம் அறிமுகமான வாய்ப்பு அட்டை. பட்டமோ, குறைந்தது ஈராண்டுத் தொழிற்பயிற்சியோ முடித்தவர்கள், புள்ளிகள் அடிப்படையில் ஓராண்டு வரை அங்கே தங்கி வேலை தேடலாம். ஜெர்மன் மொழியில் 'ஏ1' அல்லது ஆங்கிலத்தில் 'பி2' நிலை தேவை. செலவுக்குக் கையில் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். 2024-இல் அது மாதத்துக்கு 1,027 யூரோவாக இருந்தது. தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது சிறிய தொகை அல்ல. அதனால்தான் ஊதியத்துடன் கூடிய முதல் வழியை நான் அதிகம் பரிந்துரைக்கிறேன்.

சிரமங்களும் உண்டு

குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். புத்தகத்தில் படித்த ஜெர்மன் வேறு, இங்குள்ளவர்கள் பேசும் ஷ்வேபிய வட்டார வழக்கு வேறு. முதல் ஆறு மாதங்கள் பட்டறையில் பாதிப் பேச்சு எனக்குப் புரியவில்லை. ஜெர்மனியில் ஈழத் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். வடக்கே ஹம் நகரில் அவர்கள் எழுப்பிய பெரிய காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. ஆனால் என் ஊரில் தமிழ்க் குரல் கேட்பது அரிது. நண்பர்கள் கிடைத்தது நடைக் குழுவில்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை!

இன்றே செய்யக்கூடியவை

படிவம் நான்கு, ஐந்தில் இருப்பவர்கள் கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடாதீர்கள். திவெட் கல்வியை இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள்; காஜாங்கில் ஜெர்மன் மலேசியக் கல்லூரி இயங்குகிறது. மொழியை இங்கேயே தொடங்குங்கள். கோலாலம்பூரில் கோதே நிலையம் இருக்கிறது. சான்றிதழ்களின் அசலையும் பாடத்திட்ட விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். தகுதிச் சான்று பெற அவை தேவைப்படும். முகவருக்குப் பணம் கட்டுமுன், ஜெர்மன் அரசின் 'மேக் இட் இன் ஜெர்மனி' இணையத்தளத்தில் விதிகளை நீங்களே படியுங்கள்.

எல்லாரும் ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீலாய், சிரம்பான் பக்கங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் பிள்ளைகள் எப்படியும் எங்கோ புறப்பட்டுத்தான் ஆக வேண்டும். எங்கே போனாலும், வேலை ஒப்பந்தத்தில் சம்பளப் பகுதியைப் படித்த கையோடு விடுப்பு, வேலை நேரம் என்ற பகுதிகளையும் படியுங்கள். நம் பெற்றோருக்குக் கிடைக்காத ஓய்வைக் கேட்டு வாங்குவது சோம்பேறித்தனம் அல்ல. அது அவர்கள் உழைப்பின் தொடர்ச்சி.