'தெரியும்' என்பதும் 'அறிவேன்' என்பதும்



தந்தையையும் அவர் அனுப்பிய இயேசுவையும் அறிவதே நிலைவாழ்வு என்கிறது யோவான் நற்செய்தி (17:3). அப்படியானால் மறைக்கல்வித் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவருக்கு நிலைவாழ்வு உறுதியா? இதற்குக் கிரேக்க இலக்கணம் நல்ல விடை தருகிறது.

புதிய ஏற்பாட்டில் அறிதலைக் குறிக்க இரண்டு வினைச்சொற்கள் அதிகம் வருகின்றன. ஒன்று 'ஒய்டா'. இதன் வேருக்குக் 'காண்' என்று பொருள். வடிவத்தில் இது முடிந்த செயலைக் காட்டும், பொருளிலோ நிகழ்காலம். 'கண்டுவிட்டேன், ஆகவே தெரியும்' என்பது இதன் உட்பொருள். நம் தமிழிலும் கண்ணுக்குத் தெரிவதற்கும் மனதுக்குத் தெரிவதற்கும் ஒரே சொல்தானே!

மற்றொன்று 'கினோஸ்கோ'. பழகப் பழக அறிந்துகொள்வதை இது குறிக்கும். கணவன் மனைவி உறவுக்கும் இச்சொல் வழங்கியது. கன்னி மரியா வானதூதரிடம் கேட்ட கேள்வியில் (லூக் 1:34) இருப்பது இதுவே. யோவான் 17:3-இல் இது நிகழ்கால வடிவில் வருகிறது. அதாவது, தொடர்ந்து அறிந்துகொண்டே இருத்தல்.

யோவான் எல்லா இடத்திலும் இவ்விரண்டையும் கறாராகப் பிரிப்பதில்லை. ஆயினும் பேதுருவின் மூன்றாம் பதிலைப் பாருங்கள் (21:17). ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்னும்போது 'ஒய்டா'. தம் அன்பை அவர் அறிவார் என்னும்போது 'கினோஸ்கோ'.

நம் சிவகாசிப் பகுதியில் இதை விளக்க வேண்டியதில்லை. மருந்தில் உராய்வு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாள்தோறும் மருந்தைக் கையாளும் தொழிலாளியின் விரல்கள் அதை அறிந்திருக்கின்றன.

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சன்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகள் நமக்குத் தெரியும். பலியானோரின் பிள்ளைகள் இன்று எப்படிப் படிக்கிறார்கள், தீக்காயத்தோடு பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்பதை நாம் அறிவோமா?

'கினோஸ்கோ'வுக்குப் பின்னணியாக நிற்கும் எபிரேயச் சொல் 'யாதா'. யோசியா அரசர் ஏழை எளியவருக்கு நீதி வழங்கினார். என்னை அறிவது என்பது இதுவல்லவா என்று ஆண்டவர் கேட்கும்போது (எரே 22:16) வருவது இச்சொல்தான். கடவுளை அறிந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளம் அவர் கட்டளைகளைக் கடைப்பிடிப்பதே என்று யோவானின் முதல் திருமுகமும் (2:3) சொல்கிறது.

நம் பங்கில் விபத்தால் பாதிக்கப்பட்ட குடும்பம் எது என்று நமக்குத் தெரியும். இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போவோம், உட்கார்ந்து கேட்போம். அறிதல் அங்கே தொடங்கட்டும்.