வேந்தன் உரையும் கட்டியக்காரன் மொழியும்

ஐந்து சொல்லில் முடியும் கருத்தை ஐம்பது சொல்லால் உரைக்கும் கதைமாந்தர் பல மொழி இலக்கியங்களிலும் உலவுகின்றனர். சேக்சுபியர் படைத்த ஓலோபர்னிசு என்னும் பள்ளியாசிரியன் அவர்களுள் பெயர்பெற்றவன். அத்தகையோரைக் காண நாம் நூலகம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் எல்லையோரச் சிற்றூர்களில் பாரத விழா நடக்கும் இரவொன்றில் கூத்துக் களத்தின் முன் அமர்ந்தால் போதும்.

அது தமிழும் தெலுங்கும் வழங்கும் இருமொழி நிலம். பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தின் வட்டங்கள் சிலவும் கடப்பை மாவட்டத்தின் வட்டங்கள் சிலவும் இணைந்து 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1960-இல் திருத்தணி அதிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு இடம்பெயர்ந்தபோதும், திரௌபதி அம்மன் கோயில்களிலும் தருமராசர் கோயில்களிலும் விழா மரபு எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றாகவே உள்ளது. பகலில் பாரதக் கதையுரை. இரவில் விடியவிடியக் கூத்து. நிறைவில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளமும் தீமிதியும்.

அக்கூத்தில் வேந்தர் எளிதில் வெளிப்படுவதில்லை. முதலில் கட்டியக்காரன் தோன்றி அவர் வருகையை அறிவிப்பான். பிறகு திரையின் பின் நின்று பாடி, ஆடி, கனத்த முடியும் தோளணியாகிய புஜக்கட்டையும் ஒளிர வேந்தன் களம் புகுவான். நீ யார், எந்நாட்டான் என்று கட்டியக்காரன் வினவ, வேந்தன் தன் குலமும் கொடையும் வெற்றியும் அடுக்கி வடசொல் செறிந்த நெடுந்தொடரில் விடையிறுப்பான். தாகம் எடுத்தால்கூட, "எம் நாவறட்சி தணிக்கவல்ல நறும்புனல் கொணர்வாயாக" என்ற போக்கிலேயே அவன் பேச்சு அமையும். கட்டியக்காரனோ அவையை நோக்கி, "தண்ணி வேணுமாம்யா!" என்று முடித்துவிடுவான். களம் சிரிப்பால் அதிரும்.

வேந்தனின் நெடுமொழி கேட்போர் மூளைக்குச் சுமையே. பிரித்தானிய உளவியலாளர் ஆலன் பேட்லியும் உடன் ஆய்ந்தோரும் 1975-இல் இச்சுமையை அளந்தனர். குறுஞ்சொற்களின் பட்டியலை மாந்தர் எளிதில் திருப்பிச் சொல்கின்றனர். நெடுஞ்சொற்களின் பட்டியலில் அவர்கள் தடுமாறுகின்றனர். ஏறத்தாழ இரண்டு நொடிக்குள் ஒலிக்கக்கூடிய அளவே குறுநினைவில் தங்குகிறது என்பது அவர்கள் கண்டது. அமெரிக்க மொழியறிஞர் சார்ச்சு சிப்பு 1935-இல் விளக்கிய இன்னொரு நெறி, மிகுதியாகப் பயிலும் சொற்கள் குறுகியே இருக்கும் என்பதாகும். உழைப்பைச் சிக்கனமாக்குவது மொழியின் இயல்பு. அவ்வியல்பை மீறித்தான் வேந்தன் பேசுகிறான்.

அந்த மீறலே அவனுக்கு ஊதியம். இசுரேலிய உயிரியலாளர் அமோட்சு சாகவி 1975-இல் முன்வைத்த கொள்கை, பிறரால் எளிதில் தாங்க இயலாத செலவே நம்பத்தகுந்த அறிகுறியாகும் என்கிறது. அக்கொள்கையின்படி ஆண்மயிலின் தோகை அதற்கு இடையூறு. அவ்விடையூற்றையும் தாங்கி வாழ்வதே அதன் வலிமைக்குச் சான்று. அரிய சொற்களைக் கற்கக் காலமும் ஓய்வும் வேண்டும். ஆகவே அவற்றைத் தங்குதடையின்றி ஒலிப்பவன் உயர்ந்தோன் என்று கேட்போர் உய்த்துணர்கின்றனர். பொருள் விளங்காதபோதும் தகுதி விளங்கிவிடுகிறது.

இம்மயக்கத்திற்குக் கற்றோரும் தப்புவதில்லை. 1970-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் சிலர் மைக்கேல் பாக்சு என்னும் நடிகரை 'முனைவர் பாக்சு' எனப் பெரிய தகுதிகளோடு அறிமுகம் செய்து, மனநல மருத்துவரும் கல்வியாளரும் கூடிய அவையில் பேசவிட்டனர். முரண்பட்ட கூற்றுகளும் பொருளற்ற புதுச்சொற்களும் நிறைந்த அவ்வுரையை அவர் சுவைபடப் பொழிந்தார். கேட்டோர் பெரும்பாலும் நன்மதிப்பே வழங்கினர். இவ்வாய்வு 1973-இல் வெளியாயிற்று.

இதற்கு மாறான முடிவும் உண்டு. பிரின்சுடன் பல்கலைக்கழகத்து தேனியல் ஓப்பன்கைமர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் கட்டுரைகளிலிருந்த சொற்களை நீக்கி அகராதியிலிருந்து நெடுஞ்சொற்களைப் புகுத்தினார். சொல் நீள நீள, எழுதியவர் அறிவைப் பற்றிய படிப்போர் மதிப்பீடு தாழ்ந்தது. மெய்யியலறிஞர் தேக்கார்த்தின் நூற்பகுதியைக் கடுமையாகவும் எளிமையாகவும் மொழிபெயர்த்த இரு படிகளுள் எளிமையானதே வென்றது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக்நோபல் பரிசு அவ்வாண்டே அவருக்குக் கிடைத்தது.

அவர் ஆய்வில் பலர் கவனிக்காத பகுதி ஒன்றுண்டு. அச்சுப்பொறியின் மை குன்றியதால் எழுத்து மங்கிய படிகளைக் கொடுத்தபோது, படிக்கக் கடினமாயிருந்தும் எழுதியவர் பற்றிய மதிப்பீடு தாழவில்லை. இடர் எங்கிருந்து வருகிறது என்று கண்முன் தெரிந்தால், மாந்தர் அதனைத் தனியே கழித்துவிடுகின்றனர். தெரியாதபோதுதான் எழுத்தாளரைத் தாழ்த்துகின்றனர்.

கூத்தின் நுட்பம் இங்கே புலனாகிறது. கூத்து காண்போர்க்கு வேந்தன் ஏன் விளங்காமல் பேசுகிறான் என்பது தெரியும்: அவன் வேந்தன். முடியும் புஜக்கட்டையும் போலவே அவ்வுரையும் அணிகலன் என்று கழித்துவிட்டு, பொருளுக்காகக் கட்டியக்காரன் வாயை நோக்குகின்றனர். தகுதியைக் காட்டும் பணி ஒருவனுக்கு. பொருளை உணர்த்தும் பணி இன்னொருவனுக்கு. தெலுங்கும் தமிழும் கலந்து வாழும் ஊரில் இதன் பயன் மேலும் பெரிது. வடசொல் மிக்க அரசவுரை இருமொழியார்க்கும் தொலைவில் நிற்க, கட்டியக்காரனின் தெருமொழி இருவரையும் அண்மைக்கு அழைக்கிறது.

இவ்வமைப்பு சித்தூர்ப் பகுதிக்கு மட்டும் உரியதன்று. கேரளக் கூடியாட்டத்தில் நாயகனின் வடமொழிப் பாடலை விதூடகன் மலையாளத்தில் விரித்துரைக்கிறான். பாலித் தீவின் நிழற்பாவைக் கூத்தில் தேவரும் மன்னரும் காவி என்னும் பழஞ்சாவக மொழியில் பேச, துவாலென், மெர்தா ஆகிய ஏவலர் அதனைப் பாலி மொழியில் அவைக்கு எடுத்துரைக்கின்றனர். அங்கும் பெருவழக்காயிருப்பது பாரதக் கதையே.

ஆங்கில ஆய்வுகளின் முடிவைத் தமிழுக்கு அப்படியே ஏற்றுதல் தகாது. தமிழ் ஒட்டுநிலை மொழி. 'போகவேண்டியிருந்ததனால்' என்பது நெடுஞ்சொல். ஆயினும் அதன் உறுப்பு ஒவ்வொன்றும் பழகியதாதலின் சிறுவர்க்கும் விளங்கும். 'ஞிமிறு' மூன்றெழுத்துச் சொல். அது வண்டைக் குறிப்பது என்று கற்றோர் பலரும் அறியார். எனவே தமிழில் கடுமையை அளக்கும் கோல், சொல்லின் நீளத்தைவிடப் பழக்கத்தையே பற்றியதாயிருத்தல் வேண்டும். அவ்வகை ஆய்வுக்கு இருமொழியாளர் நிறைந்த சித்தூர், திருப்பதி வட்டாரமே நல்ல களம்.

தேவையற்ற கடுஞ்சொல் என்னும் குற்றச்சாட்டில் கலைச்சொல்லைச் சேர்த்தல் ஆகாது. ஒளிச்சேர்க்கை என்னும் ஒரு சொல் ஒரு பத்தி விளக்கத்தைத் தன்னுள் அடக்கி, மீண்டும் மீண்டும் விளக்கும் உழைப்பைத் தவிர்க்கிறது. அதன் செலவு ஒருமுறை, வரவு பலமுறை. நாவறட்சி தணிக்கும் நறும்புனலோ தண்ணீருக்குமேல் எதையும் தருவதில்லை.

இன்று அரசாணையிலும் பாடநூலிலும் மருத்துவ அறிக்கையிலும் வேந்தன் உரை தொடர்கிறது. கட்டியக்காரனுக்கு அங்கே இடமில்லை. படிப்போர் தனிமையில் தாளை ஏந்தி நிற்கின்றனர். இடர் எங்கிருந்து வருகிறது என்பதும் அவர்களுக்குப் புலப்படாது. ஆதலின் சிலர் எழுதியவரைத் தாழ்த்துகின்றனர், பலர் தம்மையே அறிவிலி என எண்ணிக்கொள்கின்றனர். அரிய சொல்லை ஆளத்தான் வேண்டும் என்னும் எழுத்தாளர்க்கு, அடுத்த தொடரிலேயே அதன் பொருளை எளிய மொழியில் சொல்லிவிடல் கடன். வேந்தனுக்கும் கட்டியக்காரனுக்கும் ஒரே ஆள் வேடம் கட்டும் கூத்து எழுத்து.