பேட்டரியை மாட்டியதும் கார் ஏன் முரண்டு பிடிக்கிறது?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது. அப்படித் தண்ணீரில் நின்ற காருக்கு முதலுதவி, சாவியைத் திருகாமல் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுவதுதான்.

மழை இல்லாத நாளிலும் இந்த வேலை நடக்கிறது. வல்லம், செஞ்சி பக்கத்துப் பிள்ளைகள் பலர் சென்னையிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிறார்கள். கார் ஊரில் நிற்கிறது. நிற்கும் காரும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஏறக்குறைய 29 நாளில் காலி. ஆக, மைனஸைக் கழற்றி வைப்பது சரியான பழக்கமே.

சிக்கல், திரும்ப மாட்டும்போது வருகிறது. ஐட்லிங் ஏறி இறங்கும். பிரேக் போட்டு நின்றால் இன்ஜின் அணையும். கண்ணாடி ஒரே தொடலில் ஏறாது. மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரியும். உடனே சென்சார் போய்விட்டது என்று பயந்து ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தச் செலவு தேவையே இல்லை.

மறந்ததைச் சொல்லிக் கொடுங்கள்

இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம், ஓட ஓடக் கற்றுக்கொள்ளும். த்ராட்டில் பாடியில் கரி படியப் படிய, ஐட்லிங்குக்குத் தேவையான காற்றைக் கணக்குப் போட்டுத் திறப்பைக் கூட்டிக்கொண்டே வரும். பல கார்களில் பேட்டரியைக் கழற்றினால் அந்தக் கணக்கு அழிந்துபோகும். கரி அப்படியே இருக்கிறது, கணக்கு மட்டும் புது வண்டிக்குரியதாகிவிடுகிறது. இன்ஜின் அணைவதற்குக் காரணம் இதுதான்.

ஏசி, விளக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிடுங்கள். பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம். அதன்பின் திண்டிவனம் சாலையில் நிதானமாக ஒரு சுற்று போய் வந்தால் பெரும்பாலான வண்டிகள் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ய வேண்டும். சில மாடல்களுக்கு ஸ்கேனர் வைத்துத்தான் கற்றுக்கொடுக்க முடியும்.

கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில நொடி விடாமல் பிடித்திருங்கள். ஏபிஎஸ் விளக்குக்கு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்; ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கையால் அசைத்துப் பாருங்கள்

உண்மையான பழுது என்றால், அது அநேகமாக டெர்மினலில்தான். சாவியைத் திருகியதும் 'டக்' என்ற சத்தத்தோடு மீட்டர் விளக்கெல்லாம் மங்கிப்போனால், முதலில் கிளாம்ப்பைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அது துளியும் அசையக்கூடாது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, மாட்டியபின் மேலே வாசலின் தடவுங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது. ஓய்ந்து நிற்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். பின்பு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் கோளாறு. பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டியிருந்தால் மெயின் ஃபியூஸையும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்காமல் விடாதீர்கள்.

செய்யவே கூடாதது

கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த வரிசையில், பிளஸில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைப் பிடுங்கி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தை அடியோடு விட வேண்டும். அந்த ஒரு கணத்தில் மின்னழுத்தம் 100 வோல்ட்டை நெருங்கக்கூடும். அம்பாசிடர் காலத்து வண்டி தாங்கியிருக்கலாம். இன்றைய ஈசிஎம் தாங்காது.

மெக்கானிக்கிடம் போனால் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: “அண்ணே, பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், அதுக்கப்புறம்தான் இப்படி.” அவர் எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். உங்கள் பணமும் அவருடைய பொழுதும் மிச்சம்.