வலிநீக்கி ஒட்டுப்பட்டை: இலவசச் சிகிச்சையிலும் இழப்பீட்டு உரிமை உண்டு

புற்றுநோய் வலிக்குத் தரப்படும் பெண்டானில் ஒட்டுப்பட்டை பொதுவாக 72 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றப்படுவது. பழையதை அகற்றாமல் புதியதை ஒட்டினாலோ, ஒட்டிய இடத்தில் சூடு பட்டாலோ, மருந்து மிகுந்து மூச்சு நின்றுவிடக்கூடும்.

இத்தகைய தவறுக்கு நீதி கேட்கும் கடலூர், சிதம்பரம் உழைக்கும் மக்களிடம், “இலவசமாகத்தானே பார்த்தோம்” என்பது முழுமையான பதிலாகாது. கட்டணமும் பெறும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனைவருக்கும் இலவசமான மருத்துவமனை எனில், உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

நாம் வலியுறுத்துவது இதுவே: பட்டையின் உறையைப் பாதுகாத்து வையுங்கள். மருத்துவ ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடுங்கள். இலவசம் சலுகையன்று, உரிமை.