தீர்த்தம் ஏந்தும் கை

ஆலய வாயிலில் கைகால் அலம்பிக்கொண்டு உள்ளே செல்வது நெடுநாளைய வழக்கம். 2020 ஜூன் 8 முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க மத்திய அரசு அனுமதித்தபோது, குழாயடிக்கு அருகே சானிடைசர் புட்டியும் வந்து சேர்ந்தது. மதுசாரம் கலந்த திரவம் சந்நிதிக்கு அருகில் வரலாமா என்று சிலர் தயங்கினர். கையில் பூசி உலரவிடும் பொருளைக் குறித்து அத்தனை தயக்கம் தேவையில்லை. ஆயினும், அது கைகழுவுதலுக்கு ஈடாகுமா என்பது கேட்கத்தக்க கேள்வியே.

குறைந்தது 60 விழுக்காடு மதுசாரம் உள்ள சானிடைசர், கொரோனா போன்ற கொழுப்புறை கொண்ட வைரஸ்களை விரைவில் செயலிழக்கச் செய்யும். வாந்திபேதியை உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு அத்தகைய உறை இல்லை; அதனிடம் மதுசாரத்தின் வலிமை குறைந்துவிடுகிறது. சோப்போ எண்ணெயையும் அழுக்கையும் தோலிலிருந்து பிரித்தெடுக்கிறது. அவற்றுடன் கிருமிகளும் நீரில் அடித்துச் செல்லப்படுகின்றன. விரலிடுக்கு, நகக்கண் உட்பட 20 விநாடிகள் தேய்த்தால் போதும்.

ஆலயத்தில் இவ்வேறுபாடு முக்கியமானது. அகலில் நெய் வார்த்த விரல்களிலும், திருநீறும் குங்குமமும் படிந்த உள்ளங்கையிலும் சானிடைசர் சரிவர வேலை செய்யாது. பிசுக்கு அப்படியே தங்கிவிடும். அந்தக் கையில்தான் அன்பர்கள் தீர்த்தம் ஏந்துகின்றனர். பொங்கலும் சுண்டலும் வாங்கி உண்கின்றனர்.

இதனினும் கவலைக்குரியது நெருப்பு. மதுசாரம் எளிதில் பற்றிக்கொள்ளும். கை நன்கு உலருமுன் கற்பூரம் ஏற்றுவதும், தீபாராதனையை ஒற்றிக்கொள்ள நீட்டுவதும் ஆபத்து. மதுசாரச் சுடர் வெளிர்நீல நிறத்தது. பகலொளியில் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. பார்வை மங்கிய முதியோர் சுட்ட பிறகே அதை உணர்வர்.

வீட்டுப் பூஜையறையில் கங்கைநீர்ச் செம்புக்கு அருகே சானிடைசரை வைப்பது சிறிதும் தகாது. விளக்குத்தீ ஒருபுறம், மறதியிலோ விளையாட்டிலோ பேரக்குழந்தைகள் அருந்திவிடும் அபாயம் மறுபுறம். மெத்தனால் என்னும் நச்சு கலந்த சானிடைசர்கள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது. மெத்தனால் உட்சென்றால் பார்வை பறிபோகும், உயிருக்கும் ஆபத்து. விவரச்சீட்டில்லாத மலிவுப் புட்டியை வாங்காதிருத்தல் நலம்.

யாத்திரைப் பேருந்தில் சோப்பும் நீரும் கிட்டாதபோது சானிடைசர் நல்ல துணைதான். பல ஆலயங்களில் குழாய் இருக்கும், சோப்புதான் இராது. சிறு டப்பாவில் ஒரு துண்டுச் சோப்பை அர்ச்சனைக் கூடையிலேயே எடுத்துச் செல்லலாம். அதைத் திருக்குளத்தில் கரைக்காமல் குழாயடியிலேயே பயன்படுத்த வேண்டும்.